முன் ரோட்டு

பங்களாவைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துத் துரைக்காகக் கட்டிய கல் வீடு அது. லிந்துலையிலிருந்து மேலே ஏறினால், இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் ரோட்டோரம் மேட்டில் தெரியும். இப்போது ஒரு கம்பெனி அதை எடுத்து ஹோட்டலாக்கியிருக்கிறது. பழமை கெடாமல் காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் பேச்சு. எனக்குச் சாம்பல் நிறச் சேலையும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பெயர்த் தகடும் கொடுத்தார்கள். பங்களாவுக்குப் பின்னால், மலை மடிப்புக்குள் ஒளிந்து கிடக்கும் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில்தான் நான் பிறந்தேன். இன்னமும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறேன். இதை விருந்தாளிகளிடம் சொல்லட்டுமா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், வீட்டைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார்கள்.

ஆகவே வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். குளிர் காயும் கணப்பு, சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டி, பாதிக் கட்டைகள் ஊமையாகிப்போன பியானோ. பியானோ கப்பலில் வந்தது, பிறகு ரயிலில் வந்தது என்பேன். தலவாக்கலை ஸ்டேஷனிலிருந்து இந்த மேட்டுக்கு அது எப்படி ஏறி வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன். எல்லோருக்கும் பிடித்த இடம் ரோஜாப் பாத்திக்கு அருகில் இருக்கும் நாயின் கல்லறை. துரையின் நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறது. அங்கே வந்ததும் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் குரல் தழைந்துவிடும். சில பேர் பூ வைப்பார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். வாங்குகிற சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான்.

சைப்ரஸ் மரங்கள் நிற்கும் அந்த முன் ரோட்டைக் கூட்டியது என் அம்மா. கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தவளை, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், பங்களாத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். சைப்ரஸ் மரம் சும்மா இருக்காது. இரவெல்லாம் சருகு கொட்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அம்மா ஈர்க்கு விளக்குமாற்றோடு ரோட்டின் ஒரு முனையில் தொடங்குவாள். மறு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் தொடங்கிய இடத்தில் மறுபடி விழுந்திருக்கும். கூட்டத்தான் ரோடு, நடக்க இல்லை. லயத்து ஆட்கள் முன் ரோட்டில் நடக்கக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் குசினிக்குப் பின்னால் ஏறும் ஒற்றையடிப் பாதையில்தான் போவோம், வருவோம். இதில் எனக்கு ஆத்திரம் வரும். அம்மாவுக்கு வராது, அல்லது வந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மயானம் பங்களாவுக்கு அப்பால் இருக்கிறது. லயத்திலிருந்து அங்கே போக இரண்டு வழி. ஒன்று பங்களா வாசலைத் தாண்டிப் போகும் முன் ரோடு, சமதளம், தார் போட்டது. இன்னொன்று பின்பாதை, மடிப்புக்குள்ளேயே ஏறி இறங்கிப் போகும், செம்மண், மழை பெய்தால் வழுக்கும். எங்கள் ஆட்களின் பிணம் பின்பாதையில்தான் போகும். அப்பாவைத் தூக்கிய அன்று நல்ல மழை. முன்னால் பிடித்திருந்தவர் சறுக்கி முழங்காலில் விழ, பாடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பா விழவில்லை, கயிறு பிடித்துக்கொண்டது. அன்று சாயந்தரம் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, முடியைக்கூடத் துவட்டாமல் என்னிடம் சொன்னாள்.

"என்னைய முன் ரோட்டுல கொண்டு போங்க. மறந்துறாத."

"இப்ப ஏம்மா அந்தப் பேச்சு?"

"இப்பதான் பேசணும். அண்ணன் கொழும்புல இருப்பான். நீதான் பக்கத்துல இருப்ப."

அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால்கூட, எது இருக்கோ அதை எடு என்பாள். அவள் கேட்டது இது ஒன்றுதான்.

போன வருஷம் அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். பக்கத்துக் காம்பராப் பெண் பகலில் பார்த்துக்கொள்வாள், வேலை விட்டு வந்து நான். கஞ்சி ஊட்டுவேன், துடைப்பேன், புரட்டிப் போடுவேன். அந்த மாதங்களில் எனக்குள் ஏதோ மரத்துப்போனது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கோபம் எப்போதும் என் கைவசம் இருக்கும் சரக்கு. அதுவே தீர்ந்துபோனதும் நானே கொஞ்சம் பயந்தேன். பிறகு அந்தப் பயமும் இல்லை. பங்களாவுக்குப் போவேன், பியானோ கப்பலில் வந்தது என்பேன், திரும்பி வருவேன்.

அந்த நிலையில்தான் பிரான்ஸ் தேசத்துக் கணவன் மனைவி வந்தார்கள். அவர்களுக்கு அங்கே கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகையும் அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டமும் இருக்கிறது. வைன் செய்கிறார்கள், விருந்தாளிகளும் வந்து தங்குகிறார்கள். எங்கள் கம்பெனி அவர்களோடு கூட்டுச் சேரப் பார்த்தது. இங்கே தங்குகிறவர்களை அங்கே அனுப்புவது, அங்கே தங்குகிறவர்களை இங்கே வரவழைப்பது என்று ஏதோ ஏற்பாடு. மேனேஜர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. கண்டிப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனுஷன். கதவுக் குமிழ்களைத் தானே துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவர்களுக்கு வீட்டைக் காட்டினேன். கணவன் சுவரைத் தட்டிப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்தார். எங்கள் வீட்டிலும் கூரைதான் பெரிய தொல்லை, ஒழுகாத வருஷமே இல்லை என்று சிரித்தார். தன் கொள்ளுத்தாத்தா கட்டிய பாதாள அறை, அதில் வரிசையாகக் கிடக்கும் மரப் பீப்பாய்கள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கதை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். பொறாமை என்று சொல்ல முடியாது, அதற்குக்கூட உள்ளே ஏதாவது அசைய வேண்டும். மனைவி அதிகம் பேசவில்லை. முன் ரோட்டில் நின்று, "இவ்வளவு மரங்கள், ஒரு இலை கீழே இல்லையே, யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தோட்டத்து ஆட்கள்" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். பிறகு நாயின் கல்லறைக்குக் கூட்டிப்போனேன்.

அன்று சாயந்தரம் நான் காம்பராவுக்குள் நுழைந்தபோது பக்கத்துக் காம்பராப் பெண் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அம்மா போய்விட்டாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் முதலில் செய்தது, கொடியில் கிடந்த துணிகளை மடித்து வைத்தது. சாவு வீட்டுக்கு ஆட்கள் வருவார்களே, இடம் வேண்டுமே என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ராத்திரி லயமே வந்து உட்கார்ந்தது. சின்னம்மாவும் வந்தாள். சொந்தச் சின்னம்மா இல்லை. சின்ன வயதில் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள், கல்யாணமாகி மேல் டிவிசனுக்குப் போனவள். விடியும்வரை அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

"மாடு கத்திக்கிட்டு கெடக்கும் புள்ள. போயி தண்ணி காட்டிட்டு, குளிச்சிட்டு வர்றேன். அவளுக்குன்னு ஒரு சேலை வாங்கி வச்சிருக்கேன், அதையும் எடுத்துக்கிட்டு, தப்பு கேட்டதும் எறங்கிர்றேன்."

எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்வது அதுதான். தப்பு கேட்டதும் வர்றோம். இங்கே எடுப்பு நாலு மணிக்கு. அதற்கு முன்னால், தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சி அடிக்கத் தொடங்குவார்கள். அந்தச் சத்தம் எட்டாத மலை கிடையாது. கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்குவார்கள். மேல் டிவிசனிலிருந்து புறப்படுகிறவர்களும் பிணம் எடுப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வாயால் நேரம் சொல்லி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. காலையில் லயத்து ஆட்களும் மலைக்குப் போனார்கள், அரை நாள் சம்பளத்துக்காவது பேர் போட்டுக்கொண்டு தப்பு கேட்டதும் இறங்கலாம் என்று. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதே நான் பங்களாவுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன். அம்மாவின் ஆசை இது, முன் ரோட்டில் விடுங்கள் என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். விருந்தாளிகள் பத்து மணிக்கு மேல் ஸ்டோருக்குத் தேயிலை அரைப்பதைப் பார்க்கப் போவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் முன் ரோட்டில் கொண்டு போய்விடு. ஆனால் மேளம் வேண்டாம். ஸ்டோர் எதிர் மலையில் இருக்கிறது, கேட்டுவிடும், கம்பெனி ஆட்களும் கூட இருக்கிறார்கள், என் வேலை போய்விடும். மேளத்தோடுதான் போக வேண்டுமென்றால் வழக்கம்போல நாலு மணிக்குப் பின்பாதையில் போங்கள், மடிப்புக்குள் இருப்பதால் அது ஏதோ தோட்டத்துப் பழைய வழக்கம் என்று விருந்தாளிகளிடம் சமாளித்துக்கொள்வேன். சொல்லிவிட்டு, சாவு வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

திரும்பி வந்து சொன்னதும் அண்ணன் எகிறினான். "தப்பு இல்லாம எடுக்குறதா? அநாதப் பொணமா அது?"

"அம்மா கேட்டது ரோட்ட. தப்ப கேக்கல."

"லயத்துல அடிச்சிட்டு, பங்களா வாசலுக்கு முன்னாடி நிறுத்திக்கலாமே. வாசல தாண்டுன பொறகு திரும்ப அடிக்கட்டும்."

தப்படிக்கும் மாமா அப்போதுதான் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் தலையை ஆட்டினார். "பொணத்துக்குன்னு ஒரு தடவ அடிக்க ஆரம்பிச்சா குழி வரைக்கும் கை நிக்கக் கூடாது தம்பி. பாதியில நிறுத்துனா அது இன்னொரு ஆள கூப்புட்டுக்கும். எங்க அப்பா காலத்துலேருந்து நாங்க நிறுத்துனது இல்ல. அடிக்கலாம், இல்ல அடிக்காம இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் ஒன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என்னிடம்தானே சொல்லியிருந்தாள். எனக்குப் பாடை சாய்ந்ததுதான் ஞாபகம் வந்தது. செம்மண்ணில் சறுக்கிய அந்த முழங்கால். அம்மா அதற்காகத்தான் கேட்டாள், சாயாமல் போக வேண்டும் என்று கேட்டாள். நான் ரோட்டையே சொன்னேன்.

மாமா தப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தூக்குவதற்கு ஆள் பிடிக்கப் போனார். பென்சன் வாங்கிய கிழவர்கள், லீவில் வந்திருந்த ஒரு பையன், ஆட்டோ ஓட்டும் இரண்டு பேர் கிடைத்தார்கள். நீர்மாலை எடுத்து வந்தோம். வாய்க்கரிசி போட்டோம். கூட இருந்த பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள், நான் சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர்களும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். அவர்களை அப்படிப் பார்த்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முன் ரோட்டில் அம்மா போனாள். காற்று இல்லை, பனிமூட்டம் மேலே ஏறிவிட்டிருந்தது. தூக்கியவர்களின் செருப்பில்லாத கால்கள் தாரில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாடை ஒரு இம்மிகூட ஆடவில்லை. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். ஒரு காரியத்தைச் சரியாக முடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதிதான் இருந்தது, பங்களாவில் சாப்பாட்டு மேசை போட்டு முடிக்கும்போது வருமே, அது மாதிரி. அம்மாவுக்குப் பிறகு ரோட்டைக் கூட்டுகிறவளும் சாவு வீட்டுக்கு வந்துவிட்டதால் ரோட்டில் சைப்ரஸ் சருகு கிடந்தது.

பங்களா வாசலை நெருங்கும்போது வெராண்டாவில் அந்தப் பிரெஞ்சு மனைவி இருந்தார். தலைவலி என்று ஸ்டோருக்குப் போகாமல் தங்கிவிட்டாராம். எங்களைக் கண்டதும் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நாங்கள் கடந்து போகும்வரை இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் மேனேஜர் வெளிறிப்போய் நின்றார். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். முந்தின நாள் சாம்பல் சேலையில் பார்த்தவர் ஆயிற்றே.

ரோடு முடியும் வளைவோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள் மட்டும் மயானத்துக்குப் போனார்கள். நான் திரும்பி வந்து காம்பராவைக் கழுவிவிட்டுக் குளித்தேன்.

மூன்று மணிக்கெல்லாம் சின்னம்மா வந்துவிட்டாள். குளித்து, தலையைக் கொண்டை போட்டு, கையில் ஒரு ஜவுளிக் கடைப் பை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். காம்பராவில் ஈரத் தரையும் ஒரு விளக்கும்தான் இருந்தன.

"என்னா புள்ள, இன்னும் தப்பு காய்ச்சலையா? மனசு கேக்கல, அதான் முன்னாடியே எறங்கிட்டேன். அவள எங்க வச்சிருக்கீங்க?"

"எடுத்தாச்சு சின்னம்மா."

அவளுக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் சொன்னது, மாமா சொன்னது, நான் சொன்னது. சின்னம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"முன் ரோட்டுலயா போனா?"

"ஆமா. ஆடாம அசையாம போனாங்க. அப்பாவுக்கு வழுக்குன மாதிரி ஆகக் கூடாதுன்னுதானே கேட்டாங்க."

"வழுக்குறதுக்கா?" சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "பின்பாதையில போனா பொணம் போறது ஒரு மலைக்கும் தெரியாது புள்ள. பள்ளத்துக்குள்ளயே போயிரும். முன் ரோடு மேட்டுல இருக்கு. எந்த மலையில நின்னாலும் தெரியும். 'அந்த ரோட்டுல காலம் பூரா குனிஞ்சே கெடந்தேன், ஒருத்தரு கண்ணுலயும் படல. போற அன்னைக்காவது எல்லாரும் கூடைய எறக்கி வச்சிட்டு என்னைய நிமுந்து பாக்கணும்டி'ன்னு சொல்லுவா. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா."

என்னிடம் அம்மா அதைச் சொன்னதே இல்லை. மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

"தப்பு இல்லாம யாரு நிமுந்து பாப்பா?" என்றாள் சின்னம்மா. "யாரு புள்ள பாத்தா?"

"பங்களாவுல ஒரு வெள்ளக்கார அம்மா பாத்தாங்க. எந்திரிச்சி நின்னாங்க."

"அவங்களுக்கு இவளத் தெரியுமா?"

"தெரியாது."

சின்னம்மா பையைப் பிரித்துச் சேலையை எடுத்தாள். ஊதா நிறம், விலைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கவில்லை. யார்மேல் போர்த்துவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக எங்கே போயிருந்ததோ.

அதற்குள் மலைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வரத் தொடங்கிவிட்டார்கள். தப்பு கேட்காவிட்டாலும் நேரம் ஆகிறதே என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை கால் கழுவி, துண்டும் பூவுமாக வந்தார்கள். எங்கள் லயத்து ஆட்கள், ஸ்டோர் லயத்து ஆட்கள், மேல் டிவிசன் ஆட்கள். அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. வாசல் கொள்ளாமல் கீழே பாதைவரைக்கும் நின்றார்கள். "எப்ப எடுக்குறாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் அழுதுகொண்டே, கேட்ட ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, "எடுத்தாச்சுங்க" என்று சொன்னேன்.